காருக்குத் திரும்பி வரக் காகிதம் இருக்கிறது

மேல்கணக்கு லயம்,
பொகவந்தலாவை.
1.2.1960, திங்கட்கிழமை.

அன்பு மகன் செல்லசாமிக்கு,

உன் அப்பா அழகுமுத்து வாயால் சொல்ல, டிஸ்பென்சரி லோரன்ஸ் ஐயா கையால் எழுதும் கடிதம். சுகம் விசாரிப்பதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். புதன்கிழமை கொழும்பில் அந்தப் பாஸ்போர்ட் தாளில் கையெழுத்துப் போடாதே. வியாழக்கிழமை இந்தியக் கப்பலுக்குப் போகும் தலைமன்னார் ரயிலில் ஏறாதே. மற்றதைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் இந்த இரண்டையும் படித்துவிட்டாய். அது போதும்.

இனி விவரம். போன மாதம் இருபதாம் தேதி, புதன்கிழமை, தோட்டத்து ஆபீஸில் உன் பேருக்கு ஒரு நீளக் கவர் கொடுத்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒருமுறை கண்ட கடுதாசியை நான் மறப்பவன் அல்ல. ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று வந்ததே, அதே மண் நிறம், அதே அரசாங்க முத்திரை. உனக்கும் இல்லை என்று எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். மருமகள் வீரம்மாவுக்கு ஏழு மாதம். இந்த நேரத்தில் அவள் காதில் இது விழக் கூடாது என்று முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். உனக்கும் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் அந்தப் படத்தைக் கும்பிட்டேன், கவர் அதன் முதுகில் இருந்தது.

இன்றைக்கு இருமலுக்கு மருந்து வாங்கப் போனபோதுதான், இதை எப்படி வீரம்மாவிடம் சொல்வது என்று கேட்க லோரன்ஸ் ஐயாவிடம் காட்டினேன். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். “யோவ் அழகுமுத்து, இது இல்லைங்கிற கடுதாசி இல்லைய்யா, விசாரணைக்கு வரச் சொல்ற கடுதாசி. இத யாராவது சாமி படத்துக்குப் பின்னால வைப்பாங்களா?” என்றார். பெப்ரவரி பதினைந்து, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி, நுவரெலியா கச்சேரி ஆபீஸ். மனுக்காரன் நேரில் வர வேண்டும். வராவிட்டால் மனு தள்ளுபடி. மறு தவணை இல்லை.

உன் கார் ரேஸ் பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மதராசுக்குப் பக்கத்தில். கடலுக்கு அந்தப் பக்கம்.

தப்பு என்னுடையது. திட்டுவதாக இருந்தால் வந்து திட்டு.

நீ எழுதிய கடிதத்தை ஐயா எனக்கு மூன்று தரம் படித்துக் காட்டினார். ஒரே மலையில் எத்தனை வருடம் ஓட்டுவது, நம் ரேஸ் நம் ஊரிலேயே கிடந்தால் நம் கையின் அருமை யாருக்குத் தெரியும், வெளியே போய் ஜெயித்தால்தான் மதிப்பு என்று எழுதியிருந்தாய். துரைமார் கிளப்பில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டதையும் எழுதியிருந்தாய். நம் ரேஸைக் கடல் தாண்டிக் கொண்டுபோனால் இங்கே பார்க்க ஆள் வராது என்று ஒரு கட்சி. போனால்தான் வளரும் என்று, நீ கார் வேலை பார்க்கும் சின்னத்துரை கட்சி.

போன ஏப்ரலில் நுவரெலியாவில் மூன்றாவது வளைவில் நானும் நின்றேன். சின்னத்துரை அந்தச் சிவப்புக் காரை மலையில் ஏற்றியபோது, மற்றக் கார்களெல்லாம் இருமின, உன் கார் இருமவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு சிங்கள ஆள் இது யார் கை வேலை என்று கேட்டார். என் மகன் என்று சொன்னேன். கேட்காத இன்னும் நாலு பேரிடமும் சொன்னேன். அதனால் ரேஸ் வெளியே போகக் கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. இந்த வளைவுகளைக் கப்பலில் ஏற்ற முடியாது, அங்கே தட்டைத் தரையில் என்ன வீரம் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்குக் கேட்பேன். ஆனால் போகட்டும். கார் போகட்டும், துரை போகட்டும், நம் தோட்டத்துப் பேர் போகட்டும். நீ போகாதே.

ஏன் என்று கேட்டால், உன் கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய். கார் இத்தனை நாளுக்குள் திரும்பி இலங்கைக்கு வந்தே ஆக வேண்டும் என்று சுங்கத்தில் காகிதம் கொடுத்திருக்கிறார்கள், வராவிட்டால் துரையைப் பிடிப்பார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தாய். துரைக்கும் திரும்பி வரப் பாஸ்போர்ட் இருக்கிறது. நீ கையெழுத்துப் போடப் போகும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஐயாவிடம் கேட்டேன். நான் இந்தியப் பிரஜை என்று எழுதியிருக்குமாம். அதில் நீ கை வைத்துவிட்டால் கச்சேரியில் கொடுத்த மனு செத்துவிடும் என்கிறார். கிளப் கிளார்க் அது வெறும் தாள், பத்து நாள் வேலை என்று சொன்னாராம். அவருக்கு வெறும் தாள்தான். காருக்குத் திரும்பி வரக் காகிதம் இருக்கிறது. உனக்கு இல்லை. இதை உனக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஒருத்தரும் இல்லையா?

பக்கத்து லய வரிசையில் குடியிருக்கும் மூக்கனை உனக்குத் தெரியும். நேற்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, “நம்மள எப்படிடா கப்பல் ஏத்துறதுன்னு சர்க்காரு மண்டைய ஒடைச்சுக்குது, ஒன் மகன் பாரு, மாலை போட்டுக்கிட்டுத் தானா ஏறுறான்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, முருகன் படத்துக்குப் பின்னால் கவர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

என் விசாரணையைப் பற்றி உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். ஐயா இதை எழுத வேண்டாம் என்கிறார். எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு வரிசையில் நின்ற எல்லோரும், ஊருக்குப் போனாயா என்று கேட்டால் ஆறு மாதம் என்று சொல், ஒரு வருடத்துக்கு மேலே சொன்னால் பிரஜாவுரிமை கிடையாது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். உள்ளே போனேன். அதிகாரி தன்மையான மனுசன். உட்காரச் சொன்னார். இங்கே கொழுந்துக் கூடை தூக்கிய முதல் நாளிலிருந்து கேட்டார். தேதி தேதியாகச் சொன்னேன். எந்தக் கங்காணி, எந்த மலை, பழைய துரை குதிரையிலிருந்து விழுந்த வருடம், எல்லாம். அவர் தோட்டத்துப் பேர்ப் பதிவான செக்ரோலைப் பார்த்துப் பார்த்துத் தலை ஆட்டினார். எனக்குப் பெருமை ஏறிவிட்டது. நடுவில் இந்தியா போனீங்களா என்றார். என் தாய்க்குக் கொள்ளி வைக்க நாற்பதாம் வருடம் சித்திரையில் துறையூர் போனேன், கூலி ஆட்களைக் கப்பல் ஏற விடாதே என்று அந்தப் பக்கத்துச் சர்க்கார் சட்டம் போட்டதால் மண்டபம் முகாமில் மாட்டிக்கொண்டேன், பதினான்கு மாதமும் ஒன்பது நாளும் என்றேன். அந்த ஒன்பது நாளையும் விடவில்லை பார். அவர் பேனாவை வைத்துவிட்டு, “ஐயாவுக்கு நல்ல ஞாபகம்” என்றார். எனக்குச் சந்தோசம். திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாம் மாதம் அந்த மண் நிறக் கவர் வந்தது.

உன்னிடமும் அதே கேள்வியைக் கேட்பார்கள். இந்தியாவுக்குப் போனாயா என்று கேட்பார்கள். போகவில்லை என்று நீ உண்மையாகவே சொல்லலாம். நான் மண்டபத்தில் கிடந்தபோது நீயும் உன் அம்மாவும் இங்கேயேதான் இருந்தீர்கள். உன் பிறப்புப் பதிவையும், அம்மை குத்திய பதிவையும் ஐயா டிஸ்பென்சரிப் புத்தகத்திலிருந்து பிரதி எடுத்து வைத்துவிட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும் இடாப்பும் இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது. நீ ஒருத்தன்தான் வர வேண்டும். வீரம்மா வயிற்றில் இருப்பது நாளைக்கு எந்த நாட்டுப் பிள்ளை என்பதும் நீ சொல்லப் போகும் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

நீ கேட்ட பொடி டப்பாவை இத்துடன் அனுப்புகிறேன். கீழ்க் காற்றுக்கென்று நீ துளை போட்டுத் தேய்த்த கார்ப்ரேட்டர் ஜெட் மூன்றும் பஞ்சில் சுற்றியபடி அதில் இருக்கின்றன. உண்மையைச் சொல்கிறேன், காலையில் அதை ஆற்றில் போடலாம் என்று பாலம் வரைக்கும் கொண்டுபோனேன். மலைக்காற்றுக்குப் பூட்டிய ஜெட்டை வைத்துக்கொண்டு கடலோரத்தில் கார் ஓடாது என்று நீதானே சொன்னாய், ஓடாவிட்டால் நீ வந்துவிடுவாய் என்று நினைத்தேன். பிறகு கை வரவில்லை. ஆறு மாத ராத்திரி நீ கண் விழித்துச் செய்த சாமான். சின்னத்துரை கையில் இதைக் கொடு. எதை எங்கே பூட்டுவது என்று சொல்லிக்கொடு. உன் வேலை கடல் தாண்டட்டும். ஆள் தாண்ட வேண்டாம். அவர் கோபித்தால், வேலையை விட்டு நிறுத்தினால், மேல்கணக்கு மலையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட எனக்குக் கத்தி இருக்கிறது, உனக்கும் ஒன்று வாங்கலாம்.

தேயிலை லொறி ஓட்டும் கந்தப்பன் நாளை விடியற்காலை கொழும்புக்குப் போகிறான். உன் கையிலேயே கொடுப்பதாக வீரம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். இந்த மலையிலிருந்து கொழும்புக்குப் போன தேயிலைப் பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. லொறி மட்டும் வரும். அதில் நீ ஏறி வரலாம்.

வீரம்மா சுகம். புளிப்பு கேட்கிறாள். கவர் விசயம் அவளுக்கு இன்றைக்குச் சொல்லிவிட்டேன். என்னைத் திட்டவில்லை. உன் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறாள், கச்சேரிக்குப் போட.

நான் மண்டபத்தில் மாட்டிக்கொண்டபோது உனக்கு ஒன்பது வயது. சாயந்தரம் ஹட்டன் பஸ் வரும் நேரத்துக்கு நீ சந்திக்கு ஓடிப்போய் நிற்பாயாம். அப்பா இறங்கவில்லை என்று கண்டதும் திரும்பி வந்து சோறு தின்பாயாம். உன் அம்மா சாகும் வரைக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இறங்கிய நாளில், தாடியும் எலும்புமாக நின்ற என்னை அடையாளம் தெரியாமல் நீ அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாய்.

வியாழக்கிழமையிலிருந்து சாயந்தர பஸ்ஸுக்கு நான் சந்தியில் நிற்பேன். லொறி வந்தாலும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். மழையென்றாலும் நிற்பேன், கம்பளி இருக்கிறது. முருகன் உன் கை காலுக்குச் சுகத்தைக் கொடுக்கட்டும். அந்தத் தாளுக்கு முன்னால் உன் கையைப் பிடித்து நிறுத்தட்டும்.

நீ வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அப்பா,
அழகுமுத்து
(இடது கைப் பெருவிரல் அடையாளம்)