புளோவருக்குப் புது சுவிட்ச்

அன்பு மகன் ரயனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அப்பாவின் ரோஷத்துக்கு மட்டும் நடுவில் பலத்த அடி விழுந்தது, அதுவும் இப்போது தேறிவிட்டது. நீயும் மருமகள் லினெட்டும் பெர்த்தில் குளிரோ வெயிலோ எது அடித்தாலும் நல்லபடியாக இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்காதே. வாட்ஸ்அப்பில் எழுதினால் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பார். அதனால் உங்கள் ஊருக்குத் திரும்புகிற நவோமியின் பையில் மசாலாத் தூளோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். படித்த பிறகு ஒன்றும் தெரியாத மாதிரி இரு.

அப்பா முட்டி வலியோடு குனிந்து பெருக்கக் கூடாது என்று நீ வாங்கி அனுப்பினாயே, இலை ஊதுகிற கரண்ட் புளோவர், அதன் சுவிட்ச் உடைந்துபோனது. எப்படி உடைந்தது என்று அப்பாவுக்குத் தெரியாதாம், தானாக உடைந்ததாம். அந்த நேரம் பார்த்து கல்லறைத் திருநாள் வேறு வந்தது. ஒரு வாரம் முன்னாலேயே நம் அன்பிய ஜெபக் குழு ஆட்கள் எல்லாரும் போய்க் கல்லறைகளைச் சுத்தம் செய்வோம் அல்லவா, அதற்கு என் மகன் அனுப்பிய மிஷினைக் கொண்டுவருகிறேன், யாரும் துடைப்பம் தூக்க வேண்டாம் என்று அப்பா கோயிலில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். இப்போது உடைந்துவிட்டது என்று சொல்ல வாய் வருமா. என்னிடம்கூடச் சொல்லாமல், உள்ளே இருந்த இரண்டு ஒயரையும் சுவிட்சை விட்டு எடுத்து ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி, மூடிவிட்டார். பிளக்கில் கரண்ட் வந்தால் அது ஓடும், கரண்டை நிறுத்தினால் நிற்கும். சுவிட்ச் பேருக்கு உட்கார்ந்திருந்தது.

கல்லறையில் பிளக் இருப்பது காவலாளி அப்துல் அஜீஸின் கொட்டகையில், நீள ஒயர் போட்டுத்தான் இழுக்க வேண்டும். அப்பா புளோவரைத் தாத்தா கல்லறைமேல் படுக்க வைத்துவிட்டு, கரண்டைப் போட்டு ஓடி வந்து பிடித்துக்கொள்ளலாம் என்று கொட்டகைக்குப் போனார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடி வருவதாம். அதற்குள் கிளிஃபர்ட், உன்னோடு பூசைக்கு உதவி செய்தவன், இப்போது எங்கள் அன்பியத் தலைவர், பக்கத்திலிருந்த அவன் அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி எல்லாரையும் ஜெபத்துக்குக் கூப்பிட்டுவிட்டான். பரலோகத்தில் இருக்கிற என்று ஆரம்பித்தான், புளோவரும் ஆரம்பித்தது. மெழுகுவர்த்தி அத்தனையும் அணைந்தது, ஜெபத் தாள்கள் பறந்தன, அவன் அம்மாவுக்குப் போட்ட ரோஜாப்பூ முழுவதும் நாலு வரிசை தள்ளி யாரோ ஒரு சீனப் பெரியவர் கல்லறையில் போய் விழுந்தது. கிளிஃபர்ட் சுவிட்சைப் பத்து முறை அமுக்கினான், அது எப்படி நிற்கும். பாதி வழி வந்த அப்பா சத்தம் கேட்டு மறுபடி கொட்டகைக்கு நொண்டிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி நின்றேன்.

ஆனால் கிளிஃபர்ட், அங்கிள், வயசான காலத்துல ஒங்களுக்கு எதுக்கு இந்த வேல, பேசாம உக்காருங்க லா, திருநாளுக்கு நாங்க பாத்துக்கிறோம் என்று எல்லார் முன்னாலும் சொன்னதும் அப்பா முகம் செத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், நான் திருநாளுக்கு வரல, நீ மட்டும் போய்ட்டு வா என்றார். தாத்தா கல்லறைக்கு ஒரு வருஷம்கூடப் போகாமல் இருந்தவர் இல்லை உன் அப்பா. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

ரயன், நான் பாயான் லெப்பாசில் இருபத்து மூன்று வருஷம் எந்த வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியுமா. பேக்டரி என்பாய். சுவிட்ச் பேக்டரி. டெஸ்டிங் லைனில் என் கையைத் தாண்டாமல் ஒரு சுவிட்ச் வெளியே போனதில்லை. தினமும் பஸ்ஸில் ஏற்றிவிட்ட மனுஷனும் உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்டதில்லை, மூன்று வேளையும் வந்து சாப்பிட்ட நீயும் கேட்டதில்லை. சும்மா சொல்கிறேன், கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

திங்கட்கிழமை பழைய சுவிட்சைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஜெலுத்தோங்கில் ஷாருலின் கரண்ட் சாமான் கடைக்குப் போனேன். யார் மாட்டுவது, வீட்டிலிருக்கிற பாக்சிக்கா என்று அப்பாவை நினைத்துக் கேட்டான். நான்தான் என்றேன். அதே அளவு, அதே ஆம்பியர், ஒயர் மாட்டுகிற காலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வந்து, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மேசையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். அப்பா பேப்பர் படிப்பதுபோல எதிரே உட்கார்ந்தார், அரை மணி நேரம் பக்கம் திருப்பவில்லை. திருகாணிகளை வரிசையாக வைத்தேன், உள்ளே இருந்த தூசியைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டினேன், அவர் முறுக்கியதைப் பிரித்து, ஒயர் முனைக்குப் புதுக் கிளிப் போட்டு, கிளிக் என்று சத்தம் வரும்வரை சுவிட்சில் சொருகினேன். பிறகு ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்தேன், இழுத்துப் பார்க்காமல் மூடினால் சூப்பர்வைசர் கத்துவார். எங்க கத்துக்கிட்ட இதெல்லாம் என்று அப்பா மெதுவாகக் கேட்டார். நீங்க பஸ் ஏத்தி விட்ட எடத்துலதான் என்றேன். மூடிய பிறகு கரண்டைப் போட்டு இருபது முறை அமுக்கிப் பார்ப்பது எங்கள் லைன் வழக்கம். பன்னிரண்டாவது முறையிலிருந்து அவர் வாய்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்.

திருநாளன்று கையில் புளோவரோடு அவர்தான் முன்னால் நடந்தார். கிளிஃபர்ட் பார்த்தவுடன் மெழுகுவர்த்திப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அமுக்கினால் ஓடியது, அமுக்கினால் நின்றது. அங்கிள், நீங்களே சரி பண்ணிட்டீங்களா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். நான் பண்ணதுதான் கெட்டுப்போச்சு, இது சவுந்தரம் போட்ட சுவிட்ச், அவ இருபத்து மூணு வருஷம் சுவிட்ச் டெஸ்ட் பண்ணவ என்றார். கிளிஃபர்டிடம் சொன்னது போதாதென்று வந்தவர் போனவரிடமும், கேட்காத அப்துல் அஜீஸிடமும் சொன்னார். நான் தாத்தாவுக்குப் பூ வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். இந்தமுறை நிஜமாகவே அழுதேன்.

ஆகவே புதுப் புளோவர் எதுவும் அனுப்பாதே. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஞாயிறு பூசையை விடாதீர்கள். ஆண்டவர் உங்கள் இருவரையும் தன் கையில் வைத்துக் காக்கட்டும். மறக்காமல் ஒன்று, போன தடவை வீடியோவில் பேசும்போது உன் தலைக்குப் பின்னால் அடுப்படிக் காற்றாடிச் சுவிட்சைப் பார்த்தேன். கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. அப்படியே அப்பா பிள்ளை. அதைத் தொடாதே, லினெட்டையும் தொடவிடாதே, டிசம்பரில் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா சவுந்தரம்,
டெஸ்டிங் லைன் மூன்று.