வெள்ளையாக விட்ட இடம்

அக்காவுக்கு,

பிள்ளை நலமா? சொரியாசிஸ் தோல்நோய் பற்றி எங்கெங்கே எவ்வளவு ஆய்வுகள் வெளியாகின்றன என்று வரைபடத்தில் நிறம் தீட்டுவதுதான் இங்கே என் வேலை. நம் பகுதி வெள்ளையாகவே கிடக்கிறது.

"உங்க பக்கம் இந்த நோயே இல்லபோலயேம்மா?" என்றார் பேராசிரியர்.

"எங்கம்மாவுக்கே இருக்கு சார். எழுதத்தான் ஆளில்ல" என்றேன்.

நேற்று அம்மா போனில் சிரித்தாள். "பிள்ளைய ஜன்னலுக்கு வெளிய நின்னு பாத்தேன்டி. தூக்கினா என் நோய் ஒட்டிக்கும்னு உங்கக்காவுக்குப் பயம். என் மூக்கு மட்டும் தூக்காமலே பிள்ளைக்கு ஒட்டிக்கிச்சு!"

நான் படித்த எந்த ஆய்விலும் இது தொட்டால் ஒட்டுவதாக இல்லை, அக்கா. அந்த வெள்ளையை நிரப்ப வருடங்கள் ஆகும். அதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கிவிடும். மடியில் கிடக்கும் வயதிலேயே ஒருமுறை அம்மாவிடம் கொடு.

உன் தங்கை