இஞ்சினுக்குக் காட்டிய சூடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெலுத்தோங் படகுப் பட்டறையிலிருந்து உங்கள் வால் எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம். புருவங்கள் மட்டும் விடுமுறையில் போயிருக்கின்றன. அதனால்தான் வீடியோ காலுக்கு வராமல் கடிதம்.

சனிக்கிழமை முதல்முறையாக ஒரு படகு இஞ்சினுக்குத் தனியாகப் பெட்ரோல் குழாய் மாற்றினேன். கிளிப்பெல்லாம் இறுக்கி, கசிவில்லை என்று துடைத்தும் பார்த்தேன். ஆனால் மாற்றும்போது சிந்திய பெட்ரோலின் ஆவி உள்ளே தங்கியிருந்தது. இஞ்சின் மூடியைத் திறந்துவைத்து அது போகும்வரை காத்திருக்க வேண்டும். நானோ, அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு நீங்கள் செய்வதுபோல், ஸ்டார்ட் பண்ணுமுன் சூடம் காட்டினேன்.

“டேய், அணைடா!” என்று முதலாளி ஜெயராஜ் அண்ணன் ஓடிவந்து என்னைத் தள்ளினார். குப்பென்று தீப்பிடித்தது. எனக்குப் புருவத்தோடு போயிற்று. அவருக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. இனி ஸ்பேனர் பிடிக்க வருமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

நான்தான் சோறு ஊட்டுகிறேன். “உருண்டைய சின்னதா பிடி லா, நான் என்ன யானையா?” என்று சிரிக்கிறார். ஒரு வார்த்தை திட்டவில்லை அம்மா. திட்டினால் தூங்கிவிடுவேன்.

உங்கள் மிளகு ரசத்துக்கு அளவு எழுதி அனுப்புங்கள். அண்ணனுக்குக் கட்டு மாற்ற நேரமாகிவிட்டது. சூடம் உங்களிடம் கற்றது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் அப்படி நினைத்து அழாதீர்கள்.

ஷர்வின்