நான் அவிழ்க்காத வாழைநார்க் கட்டு

என் ஆசை அண்ணனுக்கு,

நீ செத்து நாலு மாதம் ஆகிறது. உன் படத்துக்கு முன்னால் நின்றுகூட ஒன்றைச் சொல்லாமல் மறைத்தேன். உன்னைக் கொன்றவர்களின் முகம் பதிந்திருந்த டிஸ்க்கை எரித்தது நான்தான்.

கரண்ட் ஏறவில்லை என்று அந்த லாரிக்காரர் மகன் நம் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்த கம்ப்யூட்டருக்கு நீ பவர் சப்ளை மாற்றிப் போட்டுப் பார்த்தாய். படித்துறையில் குளிக்கும் பெண்களை ஒளிந்திருந்து எடுத்த படங்களாக வந்தன. நம் தெருப் பெண்களும் அதில் இருந்தார்கள். "ஏட்டி, இத அப்படியே குடுத்து அனுப்பினா, சோத்தத்தான் திங்கியளான்னு ஊரு கேக்காதா?" என்றாய். நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாய். மூன்றாம் நாள் மத்தியானம், அம்பாசமுத்திரத்தில் பட்டப்பகலில், அவனும் இன்னும் இரண்டு பேரும் அரிவாளோடு கடைக்குள் வந்தார்கள்.

முதல் வெட்டு உன் தோளில் விழுந்தது. இரண்டாவதைக் கையால் தடுத்தாய். விரல்கள் கீபோர்டு மேல் தெறித்தன. நான் கவுண்டருக்கு அடியில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். மூன்று முகத்தையும் பார்த்தேன், மூன்றும் பெயர் தெரிந்த முகங்கள்தான். போகும்போது, கடைக் கேமரா பதிவாகும் நம் கம்ப்யூட்டரையும் வெட்டி மிதித்துவிட்டுப் போனார்கள்.

"ஆளு முகம் தெரியுமாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். "எல்லாம் கேமராவுல இருக்கு சார்" என்றேன். நான் பார்த்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டிதான் நசுங்கியிருந்தது, பதிவு இருந்த டிஸ்க் தப்பியிருந்தது. அவர் முன்னாலேயே புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். அதனோடு வந்த ஒயர்களைத்தான் போட்டிருக்க வேண்டும். ஆனால் உள்ளே பழைய ஒயர்களை நீ வாழைநாரால் கட்டிப் படியவைத்திருந்தாய். பிளாஸ்டிக் கட்டு உனக்கு என்றைக்குப் பிடித்தது? உன் கை போட்ட முடிச்சுகளை அவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை. மதர்போர்டில் இருபத்துநாலு முள் கனெக்டரும் புராசசர் பக்கத்து எட்டு முள்ளும் டிஸ்க்குக்குப் போகும் ஒயரும் மாட்டியபடியே இருக்க, மறுமுனைகளை மட்டும் பழைய பெட்டியிலிருந்து பிடுங்கிப் புதுப் பெட்டியில் அழுத்தினேன். கடக்கென்று உட்கார்ந்தது.

பெட்டியில் மாட்டும் அந்த முனையில் கம்பெனிக்குக் கம்பெனி ஒயர் இடம் மாறும், ஒன்றின் ஒயரை இன்னொன்றில் போட்டால் எரிந்துவிடும். "முள்ளு பொருந்துச்சுன்னா கரண்டும் பொருந்திருமாட்டி?" என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறாய். அன்றைக்கு மட்டும் ஏன் நினைவுக்கு வரவில்லை அண்ணே? சுவிட்சைப் போட்டதும் மதர்போர்டும் டிஸ்க்கும் புகைந்தன. சென்னைக்கு அனுப்பிப் பார்த்தார்கள், ஒன்றும் தேறவில்லை.

"நீயாவது பாத்தியா?" என்று இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்டார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "குனிஞ்சிருந்தேன் சார், பாக்கல" என்றேன்.

சந்தேகத்தில் பிடிபட்ட அந்த லாரிக்காரர் மகன் போன வாரம் ஜாமீனில் வந்துவிட்டான். வந்தவன் நேராகக் கடைக்குள் ஏறி உன் நாற்காலியில் உட்கார்ந்தான். "கேமரா புதுசு மாட்டியாச்சா தங்கச்சி?" என்று சிரித்தான். என் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அவன் தொண்டைக்குழி எட்டும் தூரத்தில் இருந்தது. மனசுக்குள் குத்தினேன் அண்ணே, அவன் சிரிப்பு நிற்கும்வரை குத்தினேன். நிஜமாகவே குத்தியிருப்பேன். குத்தினால் அவன் பிணம், நான் கொலைகாரி, நீ ஏன் செத்தாய் என்று கேட்க ஒரு நாதி இருக்காது. அந்த நினைப்புதான் கையைப் பிடித்தது.

இன்று காலை ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "இத்தன நாளு என்னம்மா செஞ்ச? அவங்க வக்கீல் உன்னக் கிழிச்சுருவாரு" என்று சத்தம் போட்டார் இன்ஸ்பெக்டர். கிழிக்கட்டும். நான் வீடு திரும்பியதிலிருந்து அம்மா வாசல்படியில் குறுக்கே படுத்திருக்கிறாள். "மிஞ்சினது நீ ஒருத்திதான்டி, என்னயத் தாண்டிப் போ" என்கிறாள்.

தாண்டித்தான் போவேன். நாளைக்கு வாக்குமூலம் எடுக்கும் மாஜிஸ்திரேட் முன்னால் மூன்று பேர் பெயரையும் சொல்வேன், யார் வெட்டு எங்கே விழுந்தது என்பதையும் சொல்வேன். நான் ஒளிந்து கிடந்ததையும் மறைக்க மாட்டேன். கடைசி மூச்சு வரைக்கும் நான் கிடந்த பக்கம் நீ ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று எனக்குத் தெரியும் அண்ணே. அதையும் சொல்வேன்.

உன்னால் உயிரோடு இருக்கும்
உன் தங்கச்சி செல்வி