செவலையின் கடைவாய்ப்பல்

இன்று காலை லாயத்தில் குதிரையின் பல்லை அரத்தால் அராவும் வாடை வந்தது. எலும்பும் சுண்ணாம்பும் கலந்த வாடை. உடனே உன் நினைவு. புது டாக்டர் கை துடைக்க பனியன் வேஸ்ட் துணி கேட்டு வாங்கினார். நீ முந்தானையிலேயே துடைப்பாய். நாம் சேர்ந்து படித்த கான்வென்ட் விடுதியில் பிடித்த பழக்கம். கடைசிவரை என்னால் திருத்த முடியவில்லை.

என் கணவர் இறந்த சில வாரங்களில் அவருடைய குதிரை செவலை தீனியை ஒதுக்கினாள். கண்ணில் நீர் வேறு வடிந்தது. நெருப்பெரிச்சல் என்ற எங்கள் ஊரில், பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் ஷெட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, "எசமான நெனச்சு அழுகுதுங்க" என்றார்கள். கேட்க எனக்குப் பெருமையாகவே இருந்தது. மகன்தான், "இனித் தேறாதுங்கம்மா, புரோக்கர்கிட்டத் தள்ளிவுட்டுறலாங்க" என்றான். மறுநாள் ஆள் வருவதாகப் பேச்சு. நான் கால்நடை டாக்டரான உன்னைக் கூப்பிட்டேன்.

நீ ஆறுதல் சொல்லவில்லை. அவள் மென்று துப்பியிருந்த புல் உருண்டைகளைக் காலால் புரட்டினாய். கண்ணுக்கு மேல் விழுந்த மடிப்பையும் இறுகிய மூக்கையும் வலிக்கு அடையாளம் என்று காட்டினாய்.

"குதிர வலிய வெளிய காட்டாது புள்ள. காட்டுனா எதாச்சும் அடிச்சுத் தின்னுடும்னு அதுக்குப் பயம்."

"அப்ப அந்தக் கண்ணீர்?"

"உங்க ஷெட்டுப் பஞ்சுத் தூசி."

"அவர நெனச்சு இல்லையா?"

"இல்லைன்னு சொல்ல நான் யாரு? மொதல்ல பல்லப் பாக்கலாம். துக்கத்த அப்பறம் விசாரிக்கலாம்."

கடைவாய்ப்பல் கூராக வளர்ந்து கன்னத்தைக் கிழித்திருந்தது. ஊசி போட்டு, தலையைத் தாங்கிப் பிடித்து, நீயே அராவினாய். மாலையில் ஊறவைத்த தவிட்டை வைத்தோம். முகர்ந்தாள், நின்றாள், பிறகு வாய் வைத்தாள். அந்த மெல்லும் சத்தத்தில் என் தோள்கள் தானாக இறங்கின. நீ என் பக்கம் திரும்பி, "அடுத்தது நீ. வாயத் தொற" என்றாய். நானும் சரியாகச் சாப்பிடாததை நீ ஒருத்திதான் கவனித்திருக்கிறாய். அவர் போனபின் நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

உன்னை அடக்கம் செய்த வாரமே செவலை மறுபடி தீனியை ஒதுக்கினாள். "டாக்டரம்மாவத் தேடுதுங்க அத்தை" என்றாள் மருமகள். "மொதல்ல பல்லப் பாக்கச் சொல்லு" என்றேன்.

பல்தான். காலையில் புது டாக்டர் அராவிவிட்டார். இதை எழுதும்போது அவள் சோளத்தட்டு மெல்லும் சத்தம் சீராகக் கேட்கிறது. கண்ணுக்கு மேல் மடிப்பு இல்லை.

உன்னைத் தேடுவது நான்தான். ஆனாலும் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டேன், வாயைத் திற என்று யாரும் சொல்லாமலே.