அம்மா பேசாமல் இருந்த காரணம்

அன்புள்ள சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் உடம்பளவில் நலம், மற்றதைக் கேட்காதே. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் அதையே நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் என்றால் பாதியில் நீ அழுவாய், நான் தொண்டை கரகரப்பு என்று இருமுவேன், விஷயம் நடுவழியில் நின்றுவிடும்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. ஆயுள் முழுக்கக் கட்டட மேற்பார்வை பார்த்தவன் வீட்டில் குழாய் ஒழுகுவதில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பரம திருப்தி. உன் அத்தை தினமும் மாலையில் வந்து பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கிறாள். என் வாக்குக்கு இருக்கும் மதிப்பு அவ்வளவுதான். அம்மாவின் கண்ணாடி இன்னும் டிவி பக்கத்திலேயே இருக்கிறது. எடுத்து வைக்க மனம் வரவில்லை, தூசி மட்டும் துடைக்கிறேன்.

காரியங்கள் முடிந்து நீ திரும்பிப் போன அன்று, விமான நிலையத்தில் பெட்டியோடு திரும்பி நின்று, "சாகும்போதும் அம்மா என் மேல கோபமாத்தான் இருந்தாளாப்பா?" என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். இல்லை என்றேன், நீ நம்பவில்லை. நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டு, மாதக்கணக்காக "ம்", "ம்ஹூம்" என்பதைத் தாண்டாத தாயைப் பற்றி வேறு எப்படி நினைக்க முடியும். அதுவும் ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று வீட்டுப் பக்கமே வராத மகள் என்றால் கேட்கவே வேண்டாம்.

நடந்தது இதுதான். அம்மாவின் தாடையில் திருகு இறக்கிக் கட்டிய பல் ஆட ஆரம்பித்தது உனக்குத் தெரியும். சுற்றியிருந்த எலும்பு கரைந்துபோயிருந்தது. உதிர்ந்த சுவரில் ஆணி எப்படி நிற்கும். அந்தச் சமயத்தில்தான் நீ, உங்கள் ஆய்வகத்தில் வளர்க்கும் எலும்பை வைத்துப் பார்க்க வயதானவர்கள் யாரும் முன்வருவதில்லை என்று போனில் அலுத்துக்கொண்டாய். இங்கே பெரிய பல் மருத்துவமனையில் அதே மாதிரிச் சோதனை நடப்பதை அம்மா தானே விசாரித்துப் போய்ச் சேர்ந்துவிட்டாள். இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் மஜ்ஜை எடுத்து, அதிலிருந்த செல்களைப் பெருக்கி, கட்டடத்துக்குக் கட்டுவது போல, பஞ்சு மாதிரியான ஒரு சாரத்தில் ஏற்றித் திருகைச் சுற்றி வைத்துத் தைத்தார்கள். எலும்பு எழும்ப எழும்பச் சாரம் தானாகவே கரைந்துவிடுமாம். என் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் சாரம் பிரிக்கிறவர்களோடு போட்ட சண்டையெல்லாம் மிச்சமாகியிருக்கும். உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நீ வரும்போது வாயைத் திறந்து காட்டி உன்னை அசத்த வேண்டுமாம்.

தாடைக்கு நல்ல ஓய்வு கொடுங்கள் என்றார் பல் டாக்டர். உன் அம்மா எதையாவது அரைகுறையாகச் செய்து பார்த்திருக்கிறாயா. எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் குடித்தாள். பேச்சை நிறுத்தினாள். சிரிப்பையும் நிறுத்தினாள். டாக்டரிடம் இன்னொரு தடவை கேட்கலாமே என்றதற்குக் கண்ணை உருட்டினாள். கல்யாணமான நாள் முதல் நான் ஏங்கிய அமைதி ஒருவழியாகக் கிடைத்தது, சகிக்கவில்லை. என்னைக் கூப்பிடக் கரண்டியால் தட்டைத் தட்டுவாள். கோபம் என்றால் குக்கர் மூடி.

நீ கடைசியாகக் கூப்பிட்ட அன்று, "கோபம்னா கோபமாவே இருந்துட்டுப் போ" என்று போனை வைத்துவிட்டாய். அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறாய் என்று எனக்குத் தெரியும். வைத்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அணைந்த போனைப் பார்த்தபடி கன்னத்தை விரலால் தட்டிக் காட்டினாள். வரட்டும் அவள் என்று அர்த்தம். உதடு பிரியாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் இதயம் நின்றுவிட்டது. எலும்பு வைத்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இதய டாக்டரும் பல் டாக்டரும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கணக்கையும் உன் தலையில் போட்டுக்கொள்ளாதே.

விமான நிலையத்திலேயே இதையெல்லாம் சொல்லாததற்குக் காரணம், எலும்பு பிடித்ததா இல்லையா என்று அப்போது எனக்குத் தெரியாது. பிடிக்கவில்லை என்றால் உனக்கு இரண்டு துக்கம். பல் மருத்துவமனையில் அம்மாவுக்குக் கொடுத்திருந்த தேதியில் நான் போனேன். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், நான் எழுந்தேன். விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, அவள் கடைசியாக வந்தபோது எடுத்த எக்ஸ்ரேயைக் காட்டினார். அருமையாகப் பிடித்திருக்கிறது என்றார். இத்தனை மாதம் வாயே திறக்காமல் காத்தாளே, அதனால்தானே என்று கேட்டேன். அவர் முழித்தார். "பேசக் கூடாதுன்னு யாருங்க சொன்னது? அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது, அவ்வளவுதான். தாராளமா பேசியிருக்கலாமே." வெளியே வந்து வராந்தா நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டினால் பதிலுக்குத் தட்ட அங்கே கரண்டி இல்லை.

அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். திருகின் மரைப் பள்ளங்களுக்குள் வரை எலும்பு வெள்ளையாக ஏறியிருக்கிறதே, உன்னிடம் பேசாமல் இருந்து அவள் வளர்த்தது அது. நீ ஆய்வகத்துக்குப் போவதையே விட்டுவிட்டாய் என்று உன் தோழி சொன்னாள். போம்மா. வயதானவர்கள் யாரும் முன்வருவதில்லை என்று மட்டும் இனிமேல் சொல்லாதே.

குறையில்லாமல் நன்றாக இரு. குளிருக்குக் காதை மூடிக்கொள். வாரம் ஒருமுறையாவது கூப்பிடு, முகம் முழுக்கத் தெரிகிற மாதிரி பிடி. நானும் அப்படியே பிடிக்கிறேன்.

உன்
அப்பா