லாரி இல்லடி அது

கத்தாரில் இருக்கும் என்னவருக்கு,

நேற்றிலிருந்து நான் போனில் பேசவில்லை என்று கோபப்படாதீர்கள். குரல் சுத்தமாகப் போய்விட்டது. அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

பெரம்பலூர் ரேஸோடு சைக்கிளை விட்டுவிடும்படி நம் ஹேமாவிடம் சொல்லச் சொன்னீர்கள். "எப்பப் பாத்தாலும் ரெண்டாவதுதான் வர்றா, அதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" என்றீர்கள். நியாயம்தான். சொல்லத்தான் போனேன்.

ரேஸின் கடைசிச் சுற்றிலும் ஹேமா முதலில் போன பெண்ணின் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தாள். முகத்தில் களைப்பே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரெட்டிபாளையம் ரோட்டில் அவள் பழகப் போகும்போதெல்லாம், "சிமென்ட் லாரிய முந்தாத, பின்னாடியே போ" என்று சொல்லி அனுப்புவது நான்தானே! அதை ரேஸிலும் அப்படியே கடைப்பிடித்திருக்கிறாள், உங்கள் மகள்.

கயிற்றைத் தாண்டி ஓடினேன். "ஏய் ஹேமா! லாரி இல்லடி அது! முந்துடி!" என்று கத்தினேன். சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே முந்தினாள். முதலிடம்!

நீங்கள் சொல்லச் சொன்னதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. குரல் திரும்பினாலும் சொல்வதாக இல்லை. மாநிலப் போட்டியில் கத்த அந்தக் குரல் வேண்டும்.

இப்படிக்கு,
தொண்டை கட்டிய உங்கள் வீட்டுக்காரி